கிழமைப் பெட்டி

எங்கள் பெரியம்மாவின் கட்டிலை ஒட்டி ஒரு முக்காலி உண்டு. ஒரு காலத்தில் அதன் மேல் வெற்றிலைப் பெட்டி அரசு செலுத்தி வந்தது. பல் போன பிறகு அது பதவி இழந்தது. இப்போது அந்த ஸ்தானத்தில் வீற்றிருப்பது நீல நிறத்தில் ஒரு நீளமான பிளாஸ்டிக் பெட்டி. ஏழு அறைகள், ஏழு மூடிகள். ஒவ்வொரு மூடியின் மேலும் கிழமையின் முதல் எழுத்து ஆங்கிலத்தில் பதித்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 'எஸ்' இரண்டு, 'டி' இரண்டு. பெரியம்மாவுக்கோ ஆங்கிலமே தெரியாது. ஆகையால் நான் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி 'ஞா', 'தி', 'செ' என்று எழுதி ஒட்டிக் கொடுத்தேன். நம் தமிழில் ஏழு கிழமைக்கும் ஏழு தனி எழுத்து அமைந்திருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

பெரியம்மா அதற்குக் 'கிழமைப் பெட்டி' என்று பெயர் வைத்தாள். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, முடக்குவாதத்துக்கு இரண்டு என்று அவளுக்குத் தினமும் ஒரு பிடி மாத்திரை. காலையில் விழுங்கினோமா இல்லையா என்று மத்தியானம் சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை விழுங்கி வைப்பாள், அல்லது, "எதுக்கு வம்பு?" என்று ராத்திரி மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுவாள். இந்த வழக்கைத் தீர்த்து வைக்க வந்ததுதான் அந்தப் பெட்டி. வழக்கு தீர்ந்தது உண்மை. ஆனால் அதே பெட்டியைக் கொண்டு நான் பெரியம்மாவை ஏறக்குறைய யமலோகத்துக்கே அனுப்பி வைத்திருப்பேன். அந்தக் கதையைப் பிற்பாடு சொல்கிறேன். அதற்கு முன்னால், மாத்திரையையும் கிழமையையும் முடிச்சுப் போட்ட ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் ஜெனீவா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுவிட்ஸர்லாந்து ஜெனீவாவுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தத்தைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. டேவிட் வாக்னர் என்ற என்ஜினீயர் அங்கே குடியிருந்தார். பொருள்களை வடிவமைப்பது அவருடைய உத்தியோகம். வீட்டில் நான்கு குழந்தைகள். நான்காவது குழந்தைக்குப் பிறகு அவருடைய மனைவி டோரிஸுக்கு டாக்டர் 'எனோவிட்' என்ற கர்ப்பத்தடை மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையை அந்தக் காரியத்துக்கு உபயோகிக்கலாம் என்று அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்தது 1960-ல்தான்.

மாத்திரை சாதாரணப் புட்டியில் வந்தது. விதி மட்டும் சாதாரணமாக இல்லை. மாதவிலக்குத் தொடங்கியதிலிருந்து ஐந்தாவது நாள் ஆரம்பிக்க வேண்டும். இருபது நாளைக்கு நாளொன்றுக்கு ஒன்று. பிறகு நிறுத்த வேண்டும். மறுபடியும் எண்ண வேண்டும். ஜுரத்துக்கு மருந்து சாப்பிடுகிறவனுக்கு ஜுரமே ஞாபகப்படுத்தும். வலிக்குச் சாப்பிடுகிறவனை வலி விடாது. இவளுக்கோ வியாதி ஒன்றும் கிடையாது. நோயில்லாத ஆள் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில், கணக்குத் தவறாமல் மருந்து சாப்பிடுவது என்பது உலகத்துக்கே புதிய அனுபவம்.

டோரிஸ் மறந்தாளோ இல்லையோ, கணவருக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. "சாப்பிட்டாயா? இன்றைக்குச் சாப்பிட்டாயா?" என்று ஓயாமல் கேட்டிருக்கிறார். வீட்டில் ஒன்றிரண்டு சண்டை நடந்ததென்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்கிறவருக்கு அது அக்கறை. கேட்கப்படுகிறவருக்கு அது விசாரணை. இந்த வித்தியாசம் தெரியாத கணவர்கள் நம் ஊரிலும் நிறையப் பேர் உண்டு.

வாக்னர் ஒரு காகிதத்தில் கிழமைகளை எழுதி, அலமாரியின் மேல் விரித்து, ஒவ்வொரு கிழமையின் மேலும் ஒரு மாத்திரையை வைத்தார். சண்டை நின்றது. அவளைக் கேட்க வேண்டியதில்லை. காகிதத்தைப் பார்த்தால் போதும். இரண்டு வாரம் சௌக்கியமாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் ஏதோ ஒன்று அதன் மேல் விழுந்து, கிழமைகள் காகிதத்திலும் மாத்திரைகள் தரையிலுமாகச் சிதறிவிட்டன.

வேறொருவராயிருந்தால் பொறுக்கிப் புட்டியில் போட்டுவிட்டு மறுபடியும் கேள்வி கேட்க ஆரம்பித்திருப்பார். இவர் என்ஜினீயர். துளை போடும் கருவி, காகிதம், பென்ஸில், இருபுறமும் ஒட்டும் நாடா, தெளிவான பிளாஸ்டிக் தகடு, குழந்தையின் விளையாட்டுச் சாமானிலிருந்து பிடுங்கிய ஓர் அழுத்துப் பொத்தான், இவற்றை வைத்துக்கொண்டு வட்டமான ஒரு பெட்டியைப் பண்ணினார். அடியில் ஒரு வட்டத் தகடு. அதில் சுற்றிவரக் கிழமைகள் எழுதியிருக்கும். நடுவில் இருபது துளையுள்ள தகடு. துளைக்கு ஒரு மாத்திரை. மாதிரிக்காக மரத்தில் மாத்திரை செய்து போட்டார். மேலே ஒரே ஒரு வாசல் உள்ள மூடி. மூடியைத் திருப்பினால் ஒரு மாத்திரை விழும். விழுந்த மாத்திரையின் இடத்தில் கீழே எழுதியிருக்கும் கிழமை கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கடைசி அம்சத்தைக் கவனிக்க வேண்டும். மாத்திரை இருக்கிற வரையில் கிழமை மறைந்திருக்கிறது. போன பிறகுதான் கிழமை பேசுகிறது. எவ்வளவோ பெரிய இயந்திரங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். இந்தச் சின்ன யுக்தியில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் அவற்றில் ஏற்பட்டதில்லை. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் பவுடர் பெட்டியைப் போல இன்னொரு மாதிரியும் செய்தார். பையைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு அது என்னவென்று தெரியாதல்லவா?

1962 ஜூலையில் பேடெண்டுக்கு மனுப் போட்டார். மருந்துக் கம்பெனிகளுக்கும் மாதிரியைக் காட்டினார். எனோவிட்டைத் தயாரித்த ஸெர்ல் கம்பெனியும் ஆர்த்தோ கம்பெனியும் அந்தச் சமயத்தில் ஆவல் காட்டவில்லை. ஆனால் 1963-ல் ஆர்த்தோ கம்பெனியின் மாத்திரை கடைக்கு வந்தபோது, அது வட்டமான, திருப்புகிற பெட்டியில் வந்தது! 1964 ஆகஸ்டில் வாக்னருக்குப் பேடெண்ட் கிடைத்தது. வக்கீல் மூலம் கேட்டதில், டிஸம்பரில் ஆர்த்தோ கம்பெனி 10,000 டாலர் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. பிறகு ஸெர்ல் கம்பெனியும் தன் பெட்டிக்கு உரிமைப் பணம் கொடுத்தது. மரத்தில் மாத்திரை செய்து போட்ட அந்த முதல் மாதிரி இன்று வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. மருந்தைச் சுமக்கிற உறையே மருந்தை ஞாபகப்படுத்தவும் வேண்டும் என்ற எண்ணம் உலகமெங்கும் பரவியது அந்த வட்டப் பெட்டிக்குப் பிறகுதான்.

வாக்னர் மனைவியைச் சந்தேகித்த காலத்திலேயே, டாக்டர்கள் நோயாளிகளைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். இது இரண்டாயிரம் வருஷத்துச் சந்தேகம். நோயாளிகள் மருந்து சாப்பிட்டதாகப் பொய் சொல்லுவார்கள், ஜாக்கிரதையாயிருக்க வேண்டும் என்று ஹிப்போக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகத்தை அளந்து பார்க்கும் காரியம் தீவிரமாக நடந்த இடங்களில் ஒன்று நம்முடைய சென்னை. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் என்று நான்கு பேர் கூடி இழுத்த தேர் அது. முதல் சில வருஷங்கள் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் தலைமை வகித்தார். அன்று க்ஷயம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக் கணக்கில் ஓய்வு. ஆனால் சானடோரியத்தில் இருந்த படுக்கை எத்தனை, ஊரில் இருந்த நோயாளி எத்தனை? ஆகவே அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஓட்டு வீட்டிலும் குடிசையிலும், ஒரே அறையில் ஏழெட்டுப் பேரோடு நெருங்கி வாழ்கிற ஏழை, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமடைய முடியுமா?

193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். 97 பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். 96 பேர் வீட்டில் இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐஸோனியாஸிட்டும் 'பாஸ்' என்ற மருந்தும், ஒரு வருஷம். இந்தப் 'பாஸ்' இருக்கிறதே, அதைக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். இருமல் நின்று, உடம்பு தேறி, வேலைக்கும் போகத் தொடங்கிய ஒரு மனிதன் இன்னும் எட்டு மாதம் இதை எதற்காக விழுங்குவான்? வாக்னர் வீட்டுக் கேள்விதான் இது. ஆனால் இங்கே மறதியின் விலை வேறு.

அந்த நிலையத்தார் நோயாளியின் வார்த்தையை மட்டும் நம்பி இருக்கவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய், மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிப் பரிசோதித்தார்கள்; ஃபெரிக் குளோரைட் ஊற்றினால் நிறம் மாறி, 'பாஸ்' உள்ளே போயிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். மருந்தை நோயாளியின் கையில் ஒப்படைத்துவிட்டால் அது வாய்க்குப் போகிறதா என்பது தனிப் பிரச்னை என்று ஃபாக்ஸ் 1958-ல் ஒரு கட்டுரையே எழுதினார்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. வருஷக் கடைசியில் சானடோரியத்தார் நூற்றுக்கு 92 பேர் நோய் அடங்கியிருந்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் நூற்றுக்கு 86 பேர். வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு அதிகமாக நோய் பரவிவிடவும் இல்லை. உலகத்தில் சானடோரியங்களின் கதவுகள் சாத்தப்படுவதற்கு இந்தச் சென்னைக் கணக்கு ஒரு பெரிய காரணம். அதற்குப் பிறகு அங்கே நோயாளியை வாரத்துக்கு இருமுறை வரச் சொல்லி, கண்ணெதிரிலேயே மருந்து கொடுக்கும் முறையையும் சோதித்து 1964-ல் வெளியிட்டார்கள். பெட்டியும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் போதும் என்ற முறை அது.

அமெரிக்காவில் தாமஸ் மோல்டிங் என்ற க்ஷயரோக டாக்டர் வேறு வழியில் போனார். 1961-ல் அவர் மாத்திரைகளை நாட்காட்டியில் அமைத்துக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியை வெளியிட்டார். வாக்னரின் மனுவுக்கு ஒரு வருஷம் முந்தியது இது. அடுத்த வருஷம் இன்னும் ஒரு படி மேலே போய், மாத்திரை எடுத்த நேரத்தைத் தானாகவே பதிவு செய்யும் பெட்டி வேண்டும் என்றார். அவர் செய்த கருவியில் துளி யுரேனியமும் புகைப்படச் சுருளும் இருந்தன! மாத்திரைப் பொட்டலம் எடுக்க எடுக்க யுரேனியம் கீழே இறங்கும். சுருளில் அதன் கறை விழும். சுருளைக் கழுவிப் பார்த்தால் எந்தப் பொட்டலம் எத்தனை நாள் காத்திருந்தது என்று தெரிந்துவிடும். அணுசக்தி யுகத்தில் மாமியார் வேலைக்குக்கூட அணுவை வைத்துவிட்டார்கள்.

நம் நாட்டு க்ஷயரோகத் திட்டத்தில் பிற்பாடு ஓர் எளிய காரியம் செய்தார்கள். நோயாளியின் பெயரை எழுதி, அவருடைய முழுச் சிகிச்சைக்கும் வேண்டிய மருந்தை ஒரே பெட்டியில் போட்டுத் தனியாக எடுத்து வைத்தார்கள். பாதியில் மருந்து தீர்ந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. பிறகு, மாத்திரை அட்டைக்கு மேல் ஓர் உறை ஒட்டி, மாத்திரையைப் பிதுக்கினால் உள்ளே ஒளிந்திருக்கும் டெலிபோன் எண் தெரியும்படி ஒரு முறையும் வந்தது. நோயாளி அந்த எண்ணுக்குக் காசில்லாமல் ஓர் அழைப்புக் கொடுத்தால், அன்றைய மருந்து எடுத்தாகிவிட்டது என்று கணக்கில் ஏறும். மாத்திரை போன இடத்தில் எழுத்துத் தெரிவது வாக்னரின் யுக்தியேதான். சற்றுச் சுற்றுவழியாகச் சேத்துப்பட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன்.

பெரியம்மாவின் முடக்குவாதத்துக்கு டாக்டர் மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எழுதியிருந்தார். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். மற்ற ஆறு நாளும் அதன் கெடுதலைத் தணிப்பதற்காக ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை. கடையில் வாங்கி வந்த இரண்டுமே மஞ்சள், இரண்டுமே சிறியவை. வழக்கமாகப் பெட்டியை நிரப்புகிறவள் என் மனைவி. அவள் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தொடர்கதையின் ஓர் அத்தியாயத்தை அன்றிரவே அனுப்பியாக வேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு தட்டில் குவித்துக்கொண்டு, கதாநாயகியைப் பற்றி யோசித்தபடியே பெட்டியை நிரப்பினேன். ஒன்று போக வேண்டிய இடத்தில் ஆறும், ஆறு போக வேண்டிய இடத்தில் ஒன்றும் போயின.

பெரியம்மா திங்கட்கிழமையிலிருந்து பெட்டி சொன்னபடி விழுங்கினாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை. வியாழக்கிழமை வாயெல்லாம் புண் என்றாள். "உடம்புச் சூடு பெரியம்மா" என்று தீர்ப்புச் சொன்னேன். மணத்தக்காளிக் கீரை வாங்கி வந்து கொடுத்தேன், மோர் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தண்ணீர் குடிப்பதற்கே முகத்தைச் சுளித்தாள். சனிக்கிழமை காலை, அன்றைய மாத்திரையை எடுக்குமுன், டாக்டருக்கு டெலிபோன் செய்தேன்.

"மெதோட்ரெக்ஸேட் அட்டையை எடுத்து எத்தனை காலி என்று எண்ணிச் சொல்லுங்கள்" என்றார் அவர்.

எண்ணினேன். பத்தில் ஆறு குழி காலி. பிரித்து ஒரு வாரம்கூட ஆகாத அட்டை.

"உடனே அழைத்து வாருங்கள்" என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபிக்கவில்லை.

ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. மாற்று மருந்தை ஊசியாகப் போட்டார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்றாம் நாள் ராத்திரி, "என்னப்பா, நாந்தான் மறந்து ரெண்டு தரம் முழுங்கிட்டேனா?" என்று என்னைக் கேட்டாள். "இல்லை பெரியம்மா, நான்தான் மாற்றிப் போட்டுவிட்டேன்" என்று சொல்லுவதற்கு எனக்கு நிமிஷ நேரம் பிடித்தது. அந்த நிமிஷத்தை நான் எந்தக் கதையிலும் எழுதப் போவதில்லை.

இங்கிலாந்தில் இதே மருந்தை வாரத்துக்குப் பதில் தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. 2004-ல் அந்த நாட்டு நோயாளிப் பாதுகாப்பு ஸ்தாபனம் எச்சரிக்கை விட்டபோது, பத்து வருஷத்தில் 25 பேர் மெதோட்ரெக்ஸேட் தவறுகளால் இறந்த கணக்கைக் காட்டியது. இதை நான் படித்தது பெரியம்மா வீடு திரும்பிய பிறகு. வாக்னரையும் ஃபாக்ஸையும் தேடிப் படித்ததும் அப்போதுதான். இந்தப் பெட்டியின் பிறப்பு வளர்ப்பு என்ன என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஃபாக்ஸும் வாக்னரும் போராடியது மறதியோடு. அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைக்குப் பெயர் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது என்பது வேறு விஷயம். வாக்னரின் பெட்டியில் இருபதும் ஒரே மாத்திரை, மாறிப்போக வழியில்லை. நம் பெட்டியிலோ ஐந்து ஜாதி மாத்திரை ஒரே அறையில் குடியிருக்கிறது. சிலவற்றுக்குப் பெட்டி வாசமே ஆகாது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிஸரின் மாத்திரை பிளாஸ்டிக்கில் கிடந்தால் சத்து இழந்துபோகும். கண்ணாடிப் புட்டியில்தான் அது விற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1972-ல் விதி செய்தார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் டாபிகாட்ரான் இவை ஈரக் காற்றுப் பட்டால் கெட்டுப் போகும். நம் ஊர் ஐப்பசி மாதத்துக் காற்றைச் சொல்லவே வேண்டாம்.

குழந்தைகள் விஷயம் இன்னொன்று. கானடா தேசத்து வின்ஸர் நகரில் ஹென்றி ப்ரோ என்ற குழந்தை வைத்தியர், மருந்தைத் தின்றுவிட்டு வந்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, அழுத்தித் திருப்பினாலொழியத் திறக்காத மூடி ஒன்று 1967-ல் வருவதற்குக் காரணமாயிருந்தார். அந்த வட்டாரத்தில் குழந்தைகள் மருந்து தின்னும் விபத்து நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைந்தது. அந்த மூடிக்குள்ளிருந்து நாமே மாத்திரையை எடுத்து, இரண்டு வயதுக் குழந்தை கட்டை விரலால் திறக்கும் பெட்டியில் போட்டு முக்காலி மேல் வைக்கிறோம். குழந்தைகள் டாக்டர் சீட்டு மருந்தை எடுத்துத் தின்ற விபத்துகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதியில் மருந்து அதன் சொந்தப் புட்டியில் இருக்கவில்லை. தாத்தா பாட்டியின் மருந்து அதில் கணிசமான பங்கு. என் தங்கையின் பிள்ளை விடுமுறைக்கு வந்தால் முக்காலி இப்போது அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது கிழக்கு ஆங்கிலியா சர்வகலாசாலையின் ஆராய்ச்சி. மருந்தை அடிக்கடி மறந்து வந்த முதியவர்கள் சிலருக்குக் கிழமைப் பெட்டி கொடுத்தார்கள். மறதி குறைந்தது, ஆனால் சிலருக்கு உடம்பு கெட்டது. சர்க்கரை தாழ்ந்தது, கீழே விழுந்தார்கள். ஏன்? பாதி நாள் மருந்தை மறந்தபோது சர்க்கரையும் அழுத்தமும் இறங்கவில்லை. டாக்டரோ நோயாளி முழுவதும் சாப்பிடுகிறார் என்று நம்பி அளவைக் கூட்டிக்கொண்டே போயிருப்பார். பெட்டி வந்தது, கூட்டிய அளவு முழுவதும் முதல் முதலாக உள்ளே போயிற்று! டாக்டரிடம் சொல்லாமல் பெட்டி வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ராயல் ஃபார்மஸூட்டிகல் சொஸைட்டியும் 2013-ல், எல்லாருக்கும் பெட்டி என்பது சரியல்ல, கூடிய மட்டும் மருந்தை அதன் சொந்த உறையிலேயே கொடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது.

பெரியம்மா பெட்டியை விட மறுத்துவிட்டாள். "அது என்ன பண்ணும்? நீ போட்டதை அது குடுத்துச்சு" என்றாள். ஆகவே டாக்டரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் கேட்டு, எது உள்ளே, எது வெளியே என்று பிரித்து எழுதி வாங்கினோம். நான் நிரப்பினால் மனைவி சரிபார்க்கிறாள். அவள் நிரப்பினால் நான். அந்த வாராந்தர மாத்திரை மட்டும் அட்டையோடு, தனி டப்பாவில், சுவாமி அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அட்டையைக் கொண்டு போய்ப் பெரியம்மாவின் கையில் கொடுக்க வேண்டும். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலிக் குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணுவாள். போன வாரத்துக் கணக்கோடு ஒன்றுதான் கூடப் போகிறது என்று நிச்சயமான பிறகுதான் பிதுக்குவாள். அதுவரையில் தண்ணீர்த் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.